மா: ஓரெழுத்துச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தோடு வந்து இருந்துகொள்வார்கள். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் இந்த "மா" எங்கேயாவது குறுக்கே வந்து நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வருகிற பெரியவர்களும் கேட்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு ஆக்கள் "மாவு" எண்டினம். நாங்கள் "மா" எண்டுறது கொச்சையோ?

இல்லை. சொல்லின் முதல் வடிவம் "மா"தான். பின்னால் ஓர் உகரம் ஒட்டி, நடுவில் வகரம் வந்து "மாவு" ஆனது. பூவைச் சிலர் "பூவு" என்பதைப்போல. அங்கே நீண்ட வடிவம் வழக்காகிவிட்டது, இங்கே குறுகிய வடிவமே நிலைத்துவிட்டது. இரண்டும் சரி.

எங்கள் குசினியில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற வேலை கொஞ்சநஞ்சமில்லை. அரிசி மா, குரக்கன் மா, உழுத்தம் மா, ஒடியல் மா, வறுத்த மா, அவிச்ச மா. கோதுமை மாவைப் பழைய ஆட்கள் "அமெரிக்கன் மா" என்பார்கள். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி, அதை இடித்து அரித்தால் ஒடியல் மா. கூழுக்கு அது இல்லாவிட்டால் கூழே இல்லை. தமிழ்நாட்டுச் சமையல் காணொளியில் "மாவை" என்று வந்தால் திகைக்க வேண்டாம், வேற்றுமை உருபு சேரும்போது இரண்டு ஊரும் ஒன்றுதான்.

ஒரு எழுத்து எப்படி ஒரு சொல்லாகும்?

தமிழில் தாராளமாக ஆகும். ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அதில் மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. ஆ என்றால் பசு, தீ என்றால் நெருப்பு, பூ, கை, வை என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்ப மாமரமும் கோதுமை மாவும் ஒரே சொல்லோ?

இல்லை. ஒலி ஒன்று, சொற்கள் வேறு வேறு. தமிழ் "மா"வுக்குள் குறைந்தது இத்தனை பேர் குடியிருக்கிறார்கள்: மாமரம், அரைத்த மா, விலங்கு (குறிப்பாகக் குதிரை), பெரியது, கருமை, இருபதில் ஒரு பங்கு. இவற்றோடு வடமொழியிலிருந்து வந்த இலக்குமியும் இருக்கிறாள். மாதவன் என்ற பெயரை "மா"வின் கணவன் என்று பிரித்துப் பொருள் சொல்வது அதனால்தான்.

விலங்குப் பொருளுக்குப் பழைய சான்று தொல்காப்பியம். "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்று அதில் வருகிறது. மக்களுக்கு ஆறறிவு, மாக்களுக்கு ஐந்துதான். யாராவது உங்களை "மாக்காள்" என்று மேடையில் விளித்தால் கைதட்ட வேண்டாம்.

எழுத்தும் ஒண்டு, சத்தமும் ஒண்டு. எது எந்த மா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். தனியாக நிற்கிற "மா"வைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த சொல்லோடு சேரும்போதுதான் அது தன் சாதகத்தைக் காட்டும்.

மரமாக இருந்தால் இடையில் மெல்லெழுத்து வரும்: மாங்காய், மாஞ்சோலை, மாந்தளிர், மாம்பழம். மரப்பெயர்களுக்குப் பின் இன மெல்லெழுத்து வருவதுண்டு என்று நன்னூலில் விதியே இருக்கிறது. விளாவிலிருந்து விளங்காய் வருவதும் அப்படித்தான். அரைத்த மா என்றால் வல்லெழுத்து இரட்டிக்கும்: மாக்கோலம், மாச்சத்து, மாப்பொருள். "பெரிய" என்ற மா பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும்: மாதவம், மாகவி, மாபெரும். விலங்கு மாவுக்குத் தொல்காப்பியர் தனி வழி சொல்கிறார். "னகரம் ஒற்றும் ஆவும் மாவும்" என்கிறார், அதாவது ஆன், மான் என்று னகரம் வந்து ஒட்டும். மரத்தையும் விலங்கையும் அவர் காலத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றால், இவை ஒரே சொல் என்ற எண்ணத்தை நாங்கள் விட்டுவிடலாம்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. மாப்பிள்ளை என்பதில் பகரம் இரட்டிக்கிறது, ஆனால் அவர் மாவால் செய்த பிள்ளை அல்ல. மாமரம், மாமலர் போன்ற இடங்களில் அடுத்த எழுத்தும் மகரமாக இருப்பதால் விதி கைகொடுக்காது, இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

மாவிட்டபுரத்தில விட்ட மா எது? எங்கட அம்மம்மா மாம்பழம் எண்டவா.

அம்மம்மா கோவிக்கக்கூடாது, அது குதிரை. தல வரலாறு தெரிந்ததுதானே. மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்குக் குதிரை முகம். கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடினாள், முகம் மாறியது, கந்தசுவாமிக்குக் கோயில் எடுப்பித்தாள். மா, அதாவது குதிரை முகம், விட்டுப்போன இடம் மாவிட்டபுரம். குதிரையைக் குறிக்கும் "மா" இன்றைய பேச்சில் செத்துப்போன சொல். எங்களுக்கு அது ஒரு ஊர்ப்பெயருக்குள் பத்திரமாக இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே முருகன் கோயில்களில் கந்தசஷ்டிக்குச் சூரன் போர் நடக்கும். கடைசியில் சூரன் மாமரமாக நிற்பான், வேல் பிளக்கும், சேவலும் மயிலும் வரும். சூரனுடைய மா மரம், இளவரசியினுடைய மா குதிரை. மாவிட்டபுரத்தில் சூரன் போர் பார்த்தால் இரண்டு மாவையும் ஒரே வீதியில் பார்த்த கணக்கு.

அப்ப மாதோட்டம் மாந்தோட்டம்தானே? சும்மா பேரிலேயே இருக்கு.

மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகம் அது. பேரில் இருப்பதாகத்தான் தெரியும். மேலே சொன்ன விதியை வைத்துப் பாருங்கள். மாமரத் தோட்டம் என்றால் மாந்தோப்பைப்போல மெல்லெழுத்து வந்து "மாந்தோட்டம்" என்று ஆகியிருக்க வேண்டும். திருக்கேதீச்சரத்தைப் பாடிய சம்பந்தர் தேவாரத்திலேயே "மாதோட்டம்" என்றுதான் இருக்கிறது. மாங்குளத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஙகர மெய் வந்து நிற்கிறது, மரம்தான்.

மகாவம்சத்தில் இந்தத் துறைமுகத்தின் பாளிப் பெயர் மகாதித்த. தித்த என்றால் தீர்த்தம், இறங்குதுறை. சிங்களத்தில் துறையைத் "தொட்ட" என்பார்கள். மகாதொட்ட, மாதொட்ட, மாதோட்டம். அதாவது பெருந்துறை. வந்த சொல் தமிழ்க் காதில் தோட்டமாக விழுந்து, தோட்டமாகவே தங்கிவிட்டது. மகாவலியை நாங்கள் மாவலி என்பதும் இதே கதைதான். அங்கே மாவலிச் சக்கரவர்த்தி யாரும் இல்லை, சிங்கள "வெலி" என்றால் மணல். பெருமணல் ஆறு.

சிங்களத்தில மா எண்டா என்ன? கொழும்புக் கடையில "மா" கேட்டால் விளங்குமோ?

விளங்காது. மாவுக்குச் சிங்களம் "பிட்டி", மாம்பழத்துக்கு "அம்ப". முதலாவது வடமொழி "பிஷ்ட"விலிருந்தும், இரண்டாவது வடமொழி "ஆம்ர", பாளி "அம்ப" வழியிலும் வந்தவை. இந்தி "ஆம்" அந்த அம்பவுக்கு உறவு.

சிங்களத்திலும் "மா" உண்டு, அதற்குப் பொருள் "என்னை, நான்". பேச்சில் "மம", "மகே" என்று கேட்கிறோமே, அந்தக் குடும்பத்தின் எழுத்துநடைப் பிள்ளை. இதை ஞாபகம் வைத்திருங்கள், பிரான்சுக்குப் போகும்போது தேவைப்படும்.

அம்பவைப் பற்றி ஒரு சின்ன விசயம். 1681இல் நூல் வெளியிட்ட ராபர்ட் நொக்ஸ், கொழும்பு என்ற பெயர் காய்க்காமல் இலை மட்டும் விட்ட ஒரு மாமரத்தால் வந்தது என்று எழுதினார். சிங்களத்தில் "கொல" இலை, "அம்ப" மா. நாங்களோ எங்கள் மண்ணின் அருமையான மாம்பழத்துக்குக் கறுத்தக் கொழும்பான் என்று பெயர் வைத்திருக்கிறோம். நொக்ஸ் கேட்ட கதை மெய்யானால், காய்க்காத மரத்தின் ஊர்ப்பெயரைக் காய்த்துக் கொட்டுகிற மரத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

"மாங்கோ" தமிழ்ச் சொல் எண்டு வட்ஸ்அப்பில வந்தது. உண்மையோ, வழக்கமான புளுகோ?

இந்த முறை உண்மை. மாங்காய் மலையாளத்தில் "மாங்ங" ஆனது. 1498இல் வாஸ்கோ ட காமா கேரளக் கரைக்கு வந்த பிறகு போர்த்துக்கேயர் அதை "மங்கா" என்று எடுத்துப்போனார்கள். அங்கிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் ஆங்கிலத்தில் "மாங்கோ" ஆனது. 1753இல் லின்னேயஸ் மரத்துக்கு வைத்த அறிவியல் பெயர் மாங்கிஃபெரா இண்டிகா. மாங்காயைத் தருவது என்று பொருள். பழத்தைச் சாப்பிட்டவர்கள் காயின் பெயரைத்தான் கொண்டு போயிருக்கிறார்கள்.

பிள்ளைகள் உடனே கேட்பது ஜப்பானியப் படக்கதை "மங்கா"வை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது சீன எழுத்துகளால் ஆன ஜப்பானியச் சொல். போர்த்துக்கேய மொழியிலேயே "மங்கா" என்றால் சட்டைக்கையும்தான். அது லத்தீனில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

மா எண்டால் பெரிய எண்டு சொல்றீங்கள். அது சமஸ்கிருத "மகா"தானே?

இரண்டும் கலந்து ஓடுகிறது. மாதேவி, மாகவி, மாமல்லன் எல்லாம் மகாதேவி, மகாகவி, மகாமல்லன் சுருங்கியவை. அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் பெருமையையும் கருமையையும் ஒன்றாகச் சுமக்கிற ஒரு சொற்கூட்டம் இருக்கிறது: மால், மாயோன், மாமை. சங்கப் பாட்டில் வருகிற மா கடல், மா விசும்பு எல்லாம் இந்தக் கூட்டத்தோடு இயல்பாகச் சேர்கின்றன. எல்லா "மா"வையும் மகாவிடம் ஒப்படைக்கிறவர்களும், ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

யானைப்பாகனைச் சொல்லும் மாவுத்தனைக் கவனியுங்கள். மா யானை, அதனால் மாவுத்தன் என்று அழகாகப் பொருள் சொல்வார்கள். சொல்லோ வடமொழி "மகாமாத்ர" தேய்ந்து, இந்தி "மகாவத்" வழியாக வந்தது. பொருத்தமாக இருக்கிறது என்பது சான்று ஆகாது.

காணிக் கணக்கிலயும் மா இருக்காமே? எங்கட உறுதியில இல்லையே.

யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குப் பரப்பு, குழி. மா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கு. 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒன்று. அடிப்படையில் அது ஒரு பின்னம், 1/20. காணியும் பின்னம்தான், 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதற்குப் பெயரே மாகாணி. பழைய எண்சுவடி படித்தவர்கள் வாய்ப்பாடாக ஒப்புவிப்பார்கள். நாங்கள் அந்த மாவை விட்டுவிட்டோம், காணியை மட்டும் வைத்துக்கொண்டு அடிபடுகிறோம்.

சங்கீத ரீச்சர் "மா ஜானகி" சொல்லித் தந்தவா. பெரிய ஜானகி எண்டு அர்த்தமோ, அம்மா ஜானகி எண்டோ?

இரண்டும் இல்லை. தியாகராசரின் அந்தக் கீர்த்தனை தெலுங்கு. தெலுங்கில் "மா" என்றால் "எங்கள்". எங்கள் ஜானகி. கேட்கிற ஆளைச் சேர்க்காத எங்கள், தமிழில் "எம்" என்கிறோமே அது. கேட்பவரையும் சேர்த்தால் தெலுங்கில் "மன", தமிழில் "நம்". தெலுங்கு மாவும் தமிழ் எம்மும் ஒரே வேர், எழுத்து இடம் மாறி நிற்கிறது. சுரம் பாடும்போது நீட்டுகிற "மா" வேறு. அது மத்திமத்தின் முதலெழுத்து.

பாரிசில பேரன் "மா மேர்" எண்டுறான். அம்மா எண்டுறானோ?

அம்மா என்றுதான் சொல்கிறான், ஆனால் அம்மா "மேர்"இல் இருக்கிறாள். பிரெஞ்சில் "மா" என்றால் "என்னுடைய", பெண்பாற் சொற்களுக்கு முன் வரும். இப்போது சிங்களத்து "மா"வை எடுங்கள். அதுவும் தன்மைச் சொல். சிங்களமும் பிரெஞ்சும் தொலைதூரத்தில் ஒரே இந்தோ ஐரோப்பியக் குடும்பம், இந்த இரண்டு மாவும் அந்த வழியில் உறவு. ஆனால் தெலுங்கு "எங்கள்" இவற்றோடு சேராது, பொருள் எவ்வளவு கிட்ட வந்தாலும்.

சுவிசில் இத்தாலியன் பேசுகிற பக்கம் இருப்பவர்கள் "மா" என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அங்கே பொருள் "ஆனால்". லத்தீன் "மாகிஸ்", அதாவது "கூட, அதிகமாக" என்பதிலிருந்து வந்தது. அந்த மாகிஸும் வடமொழி மகாவும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. ஆக இத்தாலியக்காரன் "ஆனால்..." என்று இழுக்கிற மாவும், நாங்கள் மாதேவி என்கிற மாவும் சொந்தக்காரர்.

சோனகத் தெருப் பக்கம் "மாஷா அல்லாஹ்" எண்டுவினம். அதில மா என்ன?

அரபு. அங்கே "மா" என்றால் "எது". "அல்லாஹ் எதை நாடினானோ அது" என்று முழுத்தொடருக்கும் பொருள். அரபியில் "இல்லை" என்பதற்கும் ஒரு "மா" உண்டு. கடைசியில் தொண்டையை அடைத்துச் சொன்னால் தண்ணீர்.

இதோடு சேர்த்து ஒன்று. சங்கப் பாட்டில் "கலிமான் பேக" என்று பேகனை விளிப்பார்கள், செருக்குள்ள குதிரையை உடையவன். இதே சொல் "கலிமா" என்றும் நிற்கும். முஸ்லிம் பிள்ளைகள் மதரசாவில் ஓதுகிற கலிமா அரபுச் சொல், "வாக்கு" என்று பொருள். ஒரே வகுப்பில் இரண்டு கலிமாவும் வந்து, ஒரு பையன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சீனத்தில அம்மாவும் மா, குதிரையும் மாவாம். தமிழிலயும் குதிரை மா. அப்ப தொடர்பு இருக்குத்தானே?

சீனத்தில் ஒலியை ஏற்றி இறக்கிச் சொல்வதில் பொருள் மாறும். சமமாக உயர்த்திச் சொன்னால் அம்மா, மேலே ஏற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென்று இறக்கினால் ஏசுவது. தாய்லாந்து மொழியில் வருவதும் குதிரையும் நாயும் மாதான், சுருதி மட்டும் வேறு. "நாய் வருகிறது" என்று சொல்ல அங்கே இரண்டு மா போதும்.

தமிழ்க் குதிரையோடு தொடர்பு? இல்லை. தமிழ் மா முதலில் விலங்கு என்ற பொதுச்சொல். அரிமா சிங்கம், கரிமா யானை, பரிமா குதிரை. குதிரை அதில் ஒரு பொருள்தான். ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டும் உள்ள சொற்கள் எந்த மொழியிலும் கொஞ்சமே இருக்க முடியும். உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள். இரண்டு இடத்தில் ஒன்று பொருந்தாவிட்டால்தான் அதிசயம்.

எல்லா மொழியிலயும் அம்மா "மா"தானே? தமிழ்தான் மூலம் எண்டு ஒருவர் மேடையில சொன்னவர்.

குழந்தைதான் மூலம். உதட்டை மூடித் திறந்தால் வருகிற ஒலி "மா". பால் குடிக்கிற வாய்க்கு முதலில் வசப்படுவது அதுதான். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் அதைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறார். அது பெரும்பாலும் அம்மா. எப்போதும் அல்ல. ஜோர்ஜிய மொழியில் "மாமா" என்றால் அப்பா, அம்மாவுக்கு "தேதா". எங்கள் ஊரில் மாமா யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தி "மா" மட்டும் வடமொழி "மாதா"வின் வழி வந்தது.

கடைசியா ஒண்டு. "வருமா?", "நலமா?" எண்டுறமே, அதில வாற மா எந்த மா?

அதில் மா என்ற சொல்லே இல்லை. வரும் + ஆ, நலம் + ஆ. கேள்வியைக் கேட்பது ஆகாரம், மகரம் முன்சொல்லின் வால். "அவனா?", "வீடா?" என்று மாற்றிப் பார்த்தால் மகரம் காணாமல் போவது தெரியும்.

ஆனால் சீனத்தில் கேள்வி கேட்க வாக்கியத்தின் கடைசியில் "மா" என்று மெதுவாக ஒரு சொல் போடுவார்கள். "நீ ஹாவ் மா?" என்றால் நலமா? போன திருவிழாவுக்கு வந்த ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் சீனம் படிக்கிறவள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் அப்படிக் கேட்டாள். நான் "ஓம், நலம்" என்றேன். சீனம் உங்களுக்கு எப்படி விளங்கியது என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.